இரண்டாம் முழுக்கு

பார்சல் வண்டி சபையின் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றபோது கிளாடிஸ் பிரசங்க மேடையில் பூ அடுக்கிக்கொண்டிருந்தாள். டிரைவர் இறக்கிவைத்த அட்டைப்பெட்டிகளைக் கண்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. எல்லாவற்றின் மேலும் அவள் கையால் எழுதிய விலாசம் இருந்தது. மழைக்காலப் புயலில் கூரை பறந்துபோன பெல் தீவுக் குடும்பங்களுக்கென்று சிங்காநல்லூரில் வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்த துணிகள் அவை. தன் தையல் கடையை மூடிப்போட்டுவிட்டு அவளே உட்கார்ந்து கிழிசல் தைத்து, பட்டன் வைத்து, இஸ்திரி போட்டு, சென்னையிலிருந்து கப்பலேற்றிவிட்டாள். ஒட்டின டேப்பைக்கூடக் கிழிக்காமல் அப்படியே திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"வாங்க மாட்டேன்னுட்டாங்களாமுங்க" என்றான் டிரைவர். "அனுப்புன கூலியும் அவங்களே கட்டிப்போட்டாங்க."

அதுதான் அவளுக்கு எரிச்சலை இரட்டிப்பாக்கியது. கூலியைக் கட்டித் திருப்பி அனுப்புவதென்றால் அது மறதியோ தவறோ அல்ல. கன்னத்தில் அறைந்த மாதிரி.

பெல் தீவு அந்தமானில், போர்ட் பிளேயரிலிருந்து படகேறிப் போக வேண்டிய சின்னத் தீவு. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் கூடும் பாப்டிஸ்ட் சபையைச் சிங்காநல்லூர் சபை தாங்கி வந்தது. கட்டடத்துக்கு ஷீட் போட்டுக் கொடுத்தார்கள், பாட்டுப் புத்தகம் அனுப்பினார்கள். வருஷத்தில் இரண்டு தடவை இங்கிருந்து போதகர் போய் ஞானஸ்நானமும் திருவிருந்தும் கொடுத்துவிட்டு வருவார். கிளாடிஸ் மிஷன் கமிட்டிச் செயலாளர். தீவுக்கு அவள் போனதில்லை. ஆனால் அங்கே யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் பிரசவம் என்பதெல்லாம் கேட்டு ஜெபிப்பாள். தன் சொந்தத் தங்கச்சி பிள்ளைகளுக்குக்கூட அவள் அவ்வளவு ஜெபித்ததில்லை.

அன்றைக்கு மத்தியானமே போதகர் வின்ஸ்டன் ஃபோன் பண்ணினார். சரவணம்பட்டியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்து, வேலையை விட்டு, இறையியல் படித்துப் போதகரானவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

"பெட்டி மட்டுமில்ல ஆன்ட்டி. இன்னும் இருக்கு. நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்காம அந்த மரியஅந்தோணியைப் போதகரா நிறுத்திட்டாங்க. கடல்ல இறக்கி ஞானஸ்நானமும் குடுத்துட்டாங்க. டெய்சின்னு ஒருத்தி, அங்கன்வாடி டீச்சர், அவதான் எல்லாத்துக்கும் முன்னாடி நிக்கறா. வந்து சபை முன்னாடி பதில் சொல்லுன்னு சொல்லியிருக்கேன். வர்றாளாம். உங்க வீட்டில தங்கட்டும்."

"அனுப்புங்க பாஸ்டர்" என்றாள் கிளாடிஸ். "நானும் நாலு கேள்வி கேக்கோணும்."

டெய்சி சனிக்கிழமை காலையில் வந்து இறங்கினாள். முப்பத்தைந்து வயசிருக்கும். வெயிலில் கறுத்த முகம், தோளில் ஒரு பை. வாசலில் நின்று "ஸ்தோத்திரம்" என்றாள். கிளாடிஸும் "ஸ்தோத்திரமுங்க" என்றாள். அவளைத் தெரிந்தவர்கள் அவள் பேச்சில் மரியாதை கூடக்கூடச் சற்று எட்டவே நிற்பார்கள். டெய்சிக்கு அது தெரிய வழியில்லை.

"இட்லி வைக்கட்டுங்களா?"

"வேண்டாம். ரயில்ல சாப்பிட்டேன்."

"அப்படீங்களா. அதையும் பிரிக்காமத் திருப்பிக் குடுத்துப்போட்டு வந்திருப்பீங்களோன்னு பாத்தனுங்க."

டெய்சி பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "பெட்டியைப் பத்திப் பேசணும்னா நேராப் பேசலாம். நான் பேசத்தான் வந்திருக்கேன்."

"பேசுங்க அம்மணி. ஒறம்பரையா வந்தவங்களை நிக்க வச்சுப் பேசறது எங்க வழக்கமில்லீங்க. உக்காந்துட்டே பேசுங்க."

டெய்சி உட்காரவில்லை. அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றபடியே சொன்னாள்: "புயல் அடிச்சப்ப பக்கத்து வீட்டுப் பெங்காலிக்காரங்க சோறு போட்டாங்க. அரசாங்கம் தார்ப்பாய் குடுத்துச்சு. துணி வேணும்னு நாங்க யார்கிட்டயும் கேக்கல. உங்ககிட்ட நாங்க கேட்டது ஒண்ணுதான். எங்க மரியஅந்தோணி அண்ணனைப் போதகரா ஏத்துக்கோங்க, எங்களைத் தனிச் சபைன்னு சொல்லுங்கன்னு கேட்டோம். வருஷக்கணக்கா கேட்டோம். கேட்டதைக் குடுக்கல. கேக்காததை அனுப்பினீங்க."

"படகுக்கு இன்ஜின் பாக்கற ஆளைப் போதகரா நிறுத்த முடியுமுங்களா? படிப்பு வேண்டாமா? பெரிய போதகருங்க தலையில கைவச்சு அபிஷேகம் பண்ண வேண்டாமா?"

"அவருதான் வாரா வாரம் பிரசங்கம் பண்றாரு. சாவு வீட்டில ஜெபம் பண்றாரு. அதுக்கெல்லாம் படிப்பு வேண்டியதில்ல. தண்ணியில இறக்கி ஒரு ஆளைத் தூக்கி நிறுத்த மட்டும் கோயம்புத்தூர்ல இருந்து ஆள் வரணும். அப்படித்தானே?"

குரலில் இருந்த வெறுப்பு கிளாடிஸைச் சுட்டது. தன் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு, ஒரு 'ங்க'கூடப் போடாமல், தன்னைவிட இருபத்தைந்து வயது சின்னவள் பேசுகிறாள். கரண்டியை ஓங்கி வைத்தாள்.

"ஏனுங்க, இத்தனை வருசமா உங்களுக்காக முழங்கால்ல நின்னவ நானு. என்ற முகத்தைப் பாத்து இப்படிப் பேச உங்களுக்கு என்ன அப்படி நடந்துபோச்சு?"

டெய்சி ஒரே மூச்சில் சொல்லிவிட விரும்பியவள்போல வேகமாகச் சொன்னாள்.

"எங்கம்மா ஞானஸ்நானம் வாங்க ஆசைப்பட்டாங்க. முதல் தடவை கடல் சரியில்லன்னு உங்க பாஸ்டர் போர்ட் பிளேயரோட திரும்பிட்டார். அடுத்த தடவை கேமராக்காரரோட வந்தார். அம்மா வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டுக் கரையில வந்து நின்னாங்க. நெஞ்சு வலிக்காரங்க, நிக்கவே முடியாது. மேகமா இருக்கு, வீடியோ சரியா வராது, நாளைக்கு வச்சுக்கலாம்னார். அம்மா அங்க நிக்கறதை மட்டும் படம் பிடிச்சுக்கிட்டாங்க. மறுநாள் காத்து எழும்பப் போகுதுன்னு விடிஞ்சதுமே படகேறிட்டார். அடுத்த தடவை பாத்துக்கலாம்மான்னு சொல்லிட்டுப் போனார். அம்மாவுக்கு அடுத்த தடவைன்னு ஒண்ணு வரல."

கிளாடிஸுக்கு அந்த முகம் தெரியும். மிஷன் ஞாயிறன்று சபைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டிய வீடியோவில் அந்தக் கிழவி வெள்ளைச் சேலையில் கடலோரம் நின்று சிரித்தாள். 'இருளில் கிடந்த தீவுக்கு ஒளி கொண்டுசென்றோம்' என்று பின்னணியில் குரல் வந்தது. கிளாடிஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அதைப் பார்த்தாள்.

"எனக்கு யாரும் சொல்லலீங்க" என்றாள்.

"நீங்க கேக்கல."

"சரி, பாஸ்டர் பண்ணுனது தப்பு. அவரு மேல கோவப்படுங்க. நான் உக்காந்து தைச்ச துணி என்ன பாவம் பண்ணுச்சு?"

"பெட்டி வந்து சேர்ந்த அன்னிக்கே உங்க பாஸ்டர் ஃபோன் பண்ணினார். எல்லாரும் பேனர் பிடிச்சுக்கிட்டு நின்னு திறக்கணுமாம், அதை வீடியோ எடுத்து அனுப்பணுமாம். எங்கம்மாவை வச்சு ஒரு படம் எடுத்தது போதும்னு தோணுச்சு. நான்தான் திறக்கக் கூடாதுன்னேன்."

கிளாடிஸ் தட்டில் இட்லியை வைத்து, சட்னி ஊற்றி, மேஜைமேல் தள்ளிவிட்டுக் கடைக்குப் போனாள். சாயங்காலம் பொழுதோட திரும்பி வந்தபோது தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. சாப்பிட்டாளா, வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் காக்காய்க்குப் போட்டாளா என்று தெரியவில்லை. கேட்கவும் பிடிக்கவில்லை. கிழவிக்காக மனசு கனத்தது உண்மை. அதற்காக மகளை மன்னிக்கவும் அவளுக்கு மனசில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சபைக் கூட்டம் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். திருப்பி வந்த பெட்டிகளை வின்ஸ்டன் மேடைக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைக்கச் சொல்லியிருந்தார். உள்ளே வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்தார்கள். கூட்டம் தொடங்கும் முன்பே தீர்ப்பு முடிந்துபோயிருந்தது.

டெய்சியை முன்வரிசையில் தனியாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கிளாடிஸ் கமிட்டிக்காரர்களோடு பக்கவாட்டில் இருந்தாள்.

"எங்க பிள்ளைங்க போடற துணியை எடுத்துக் குடுத்தோம்" என்று ஒரு பெண் எழுந்து கத்தினாள். "எங்களைப் பிச்சைக்காரரைவிடக் கேவலமாக்கிப் போட்டாங்க!"

"நன்றி கெட்ட ஜனமுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு ஆண் குரல்.

வின்ஸ்டன் கையமர்த்தினார். மைக்கில் அவர் குரல் நிதானமாக வந்தது. "சிஸ்டர் டெய்சி, ஒரே கேள்வி. ஞானஸ்நானம் கொடுக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?"

டெய்சி எழுந்தாள். மைக் கொடுக்கப்படவில்லை. "எங்க சபை கூடி ஜெபம் பண்ணி அவரை நிறுத்துச்சு. பாப்டிஸ்ட்டுன்னு போர்டு போட்டிருக்கீங்க. ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்க அனுப்பின பாடப் புத்தகம்தான்."

"சபைன்னா அது வளர்ந்த சபைக்கு. உங்களுது ஊழிய ஸ்தலம். இன்னும் குழந்தை."

"எங்கம்மா எழுபது வயசுல செத்தாங்க. குழந்தையாவே செத்தாங்களா?"

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. வின்ஸ்டன் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டார். "உங்க அம்மா விஷயத்தில் எனக்கும் வருத்தம்தான். அது கர்த்தருடைய நேரம். அதுக்கு, ஃபோன்ல நீங்க சொன்ன மாதிரி, கேமராவைக் குற்றம் சொல்லக் கூடாது."

"கர்த்தருடைய நேரமா, கேமராக்காரர் நேரமா?" என்றாள் டெய்சி. "எங்களைத் தள்ளிவைக்கக் கூப்பிட்டிருந்தா அந்தச் சிரமம் வேண்டாம். நாங்களே போறோம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"உக்காரும்மா!" என்று நாலைந்து பேர் ஒன்றாகக் கத்தினார்கள்.

சபைப் பொறுப்பாளர்களில் மூத்தவரான டீக்கன் மருதாசலம் எழுந்து தீர்மானத்தை வாசித்தார். எழுபதைத் தொடும் வயது. விசுவாசத்துக்கு வந்த பிறகும் பழைய பேரையே வைத்துக்கொண்டவர். கிளாடிஸுக்கு அண்ணன் முறை. பெல் தீவு ஊழியத்தோடு சபைக்கு இனி எந்தத் தொடர்பும் இல்லை என்றது முதல் பகுதி. கிளாடிஸ் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். போகட்டும், வேண்டாமென்பவர்களை எதற்குத் தாங்கிப் பிடிக்க வேண்டும். இரண்டாவது பகுதியை மருதாசலம் தட்டுத்தடுமாறி வாசித்தார். முறையான இறையியல் படிப்பும் அபிஷேகமும் இல்லாத ஒருவர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது. அப்படிப் பெற்றவர்கள் யாராக இருந்தாலும், முறைப்படி அபிஷேகம் பெற்ற போதகரிடம் மறுபடியும் பெற்றால்தான் இந்தச் சபை அவர்களை விசுவாசிகளாக ஏற்கும்.

கிளாடிஸின் தலை ஆட்டத்தை நிறுத்திவிட்டது.

யாராக இருந்தாலும்.

அவளுக்குப் பதினாறு வயதாயிருந்தபோது, இந்தச் சபையைத் தொடங்கின வெளிநாட்டு மிஷனரி ஊருக்குத் திரும்பிப் போனார். அடுத்தவரை அனுப்பும்வரை காத்திருங்கள் என்று மெட்ராஸிலிருந்து சொன்னார்கள். மில் தொழிலாளிகளும் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்களும்தான் அப்போது சபை. அவர்கள் கொஞ்ச காலம் காத்திருந்து பார்த்தார்கள். பிறகு ஒரு மத்தியானம், தோட்டத்துச் சொந்தக்காரர் வெளியூர் போயிருந்த நாளாகப் பார்த்து, ஒண்டிப்புதூர்ப் பக்கத்துக் கிணற்றில் இறங்கினார்கள். அவர் இருந்திருந்தால் இவர்கள் சாதிக்காரர்களைக் கிணற்றுப் படியில் கால்வைக்க விட்டிருக்க மாட்டார். மார்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொருவரையாக முழுக்கித் தூக்கியவர் மில் ஃபிட்டர் பாக்கியநாதன். எட்டாவதுவரை படித்தவர். கிளாடிஸ் தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு வாங்கியபோது அடுத்த படியில் நடுங்கிக்கொண்டு நின்ற இளைஞன்தான் இப்போது மைக் முன்னால் நிற்கும் மருதாசலம்.

அவள் எழுந்தாள்.

"மருதாசலண்ணா, ஒண்ணு கேக்கோணுமுங்க. உங்களைத் தண்ணியில முழுக்குனது யாருங்க?"

மருதாசலம் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆன்ட்டி, விவாதம் முடிஞ்சுது. இப்ப ஓட்டு" என்றார் வின்ஸ்டன்.

"சித்தெ பொறுங்க தம்பி. அண்ணனைக் கேட்டேனுங்க."

அவரை அவள் தம்பி என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. மருதாசலம் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "ஃபிட்டர் பாக்கியநாதன்."

"என்னையும் அவருதானுங்க. அதோ அந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கற தாய்மாருல பாதிப் பேரையும் அவருதான். அவருக்கு என்ன படிப்பு இருந்துது? யாரு அபிஷேகம் பண்ணுனா? இந்தத் தீர்மானம் போட்டா நாங்கெல்லாம் இத்தனை வருசமா யாருங்க? வேடிக்கை பாக்க வந்தவங்களா?"

"அது அந்தக் காலம் ஆன்ட்டி. அப்ப வேற வழியில்ல. இப்ப ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு."

"அவங்களுக்கு மட்டும் வேற வழி இருந்துதுங்களா? வெள்ளைச் சேலை கட்டி நின்ன அம்மாவுக்கு என்ன வழி இருந்துதுன்னு சொல்லுங்க. நான் அழுதுட்டே அந்தப் படத்தைப் பாத்தனுங்க. அந்தம்மா தண்ணியில எறங்கவேயில்லைன்னு நீங்க எங்க யாருக்கும் சொல்லலீங்களே!"

இதைக் கேட்டதும் சிலர் வின்ஸ்டனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்தது. சிரிக்க முயன்றார்.

"உங்களுக்கு மனசாட்சியில உறுத்தல்னா ஒண்ணும் பிரச்சினையில்ல. வர்ற ஞாயிறே நம்ம தொட்டியில தண்ணி நிரப்பி உங்களுக்கும் முறையா கொடுத்துடலாம்."

இளைஞர் பெஞ்சுகளில் சிரிப்புக் கிளம்பியது. கிளாடிஸ் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"எனக்கு மறுக்கா முழுக்குப் போடற அளவுக்கு உங்க கைக்குப் பலம் பத்தாதுங்க தம்பி" என்றாள். "என்ற ஞானஸ்நானம் செல்லும். அப்ப அவங்களுதும் செல்லும். அவங்க மேல எனக்கு ஆயிரம் கோவம் இருக்குதுங்க. அது வேற."

"இவங்களுக்கு என்ன ஆச்சு? உக்காரச் சொல்லுங்கப்பா" என்று யாரோ கத்தினார்கள். அவள் தோழி ஒருத்தியே சேலையைப் பிடித்து இழுத்தாள். கிளாடிஸ் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

ஓட்டெடுத்தார்கள். தீர்மானத்துக்கு ஆதரவாகக் கைகள் எழுந்தன. தாய்மார் பெஞ்சில் சிலர் மடியிலிருந்து கையை எடுக்கவேயில்லை. மருதாசலம் தரையைப் பார்த்துக்கொண்டு வலது கையைத் தூக்கினார். எதிர்ப்பவர்கள் என்று கேட்டபோது கிளாடிஸ் ஒருத்திதான் கை தூக்கினாள். டெய்சிக்கு அந்தச் சபையில் ஓட்டில்லை.

ஆட்டோவில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் டெய்சி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். திருச்சி ரோட்டில் ராமநாதபுரம் சிக்னலில் வண்டி நின்றபோது சொன்னாள்: "நீங்க எங்களுக்காக எழுந்திருக்கல. உங்க ஞானஸ்நானத்துல கைவச்சாங்கன்னுதான் எழுந்தீங்க."

"ஆமாங்க" என்றாள் கிளாடிஸ். "முதல் பாகத்துக்கு நான் தலையாட்டுனனுங்க. நீங்க பாத்திருப்பீங்க."

"பார்த்தேன்."

"அப்பறம் என்னங்க?"

"ஒண்ணுமில்ல. தெரிஞ்சு வச்சுக்கணும்னுதான்."

ஸ்டேஷனில் கிளாடிஸ் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாள். டெய்சி அதை வாங்கிக்கொண்டாள். வருகிறேன் என்று சொல்லாமல் கூட்டத்துக்குள் போய்விட்டாள். கிளாடிஸுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்த முதுகு மறையும்வரை நின்றுதான் திரும்பினாள்.

அந்த வாரமே அவளை மிஷன் கமிட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெண்கள் ஐக்கியத்தின் வாட்ஸாப் குழுவிலிருந்தும் நீக்கினார்கள். தையலுக்குக் கொடுத்திருந்த ஜாக்கெட்டுகளைச் சிலர் பாதியிலேயே வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். "வேற சபைக்குப் போயிடுங்கக்கா, நிம்மதியா இருக்கும்" என்று தோழி வந்து சொன்னாள். "நான் எதுக்குப் போகோணும்?" என்றாள் கிளாடிஸ். "நாங்க கட்டுன சபை."

மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து நாள். அவள் வழக்கமான பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அந்தப் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. ஜெபம் முடிந்து அப்பத் தட்டுச் சுற்றி வந்தபோது, இளைய டீக்கன் ஜோஸ் அவள் பெஞ்சைத் தாண்டி, அவளைப் போலவே பாக்கியநாதன் கையால் மட்டும் முழுகிய தாய்மார் இருந்த அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டான். முதலில் மறந்துவிட்டான் என்றுதான் நினைத்தாள். பிறகு சின்னச் சின்னத் திராட்சைரசக் கிண்ணங்கள் வைத்த தட்டோடு வந்தபோதும் தலையைக் குனிந்துகொண்டு தாண்டினான்.

"ஏனுங்க ஜோஸ்" என்று கூப்பிட்டாள்.

பாட்டு நடந்துகொண்டிருந்தது. சத்தமாகவே கூப்பிட்டதால் மேடைவரைக்கும் கேட்டது. ஜோஸ் நின்றான். திரும்பி வின்ஸ்டனைப் பார்த்தான். வின்ஸ்டன் வேதப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இங்கயும் ஒருத்தி உக்காந்திருக்கறனுங்க."

"ஆன்ட்டி, பாஸ்டர் சொல்லிட்டாருங்க... தீர்மானப்படி..."

கிளாடிஸ் எழுந்து பெஞ்சை விட்டு வெளியே வந்தாள். தட்டு நடுங்கிக் கிண்ணங்கள் ஒன்றோடொன்று உரசின. ஒரு கையால் தட்டின் விளிம்பைப் பிடித்து நிறுத்தி, இன்னொரு கையால் ஒரு கிண்ணத்தை எடுத்தாள். அவன் தடுக்கவில்லை. சபையே பாட்டை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, நின்றபடியே கண்ணை மூடி ஜெபித்துக் குடித்தாள். காலிக் கிண்ணத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

"போங்க கண்ணு, பின்னால காத்துட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தன் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.